வெளிநாட்டில் பொருள் வாங்கும்போது: விலையும் வாரண்டியும்



இன்று நமது தோட்டங்களில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத லயத்தைக் காண்பது அரிது. குவைத், சவூதி, கட்டார், டுபாய், ஓமான் என்று நமது தாய்மாரும் தங்கச்சிமாரும் தம்பிமாரும் போய் உழைக்கிறார்கள். போவதற்கு முன் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அடுப்பு, துணி துவைக்கும் மெஷின், நாலு அரபு வார்த்தை எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் உழைத்த காசில் அங்கே ஒரு பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைப் பெரும்பாலும் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். போகப் போகிறவர்கள் மட்டுமல்ல, இங்கே இருந்துகொண்டு "அதை வாங்கி அனுப்பு, இதை வாங்கி அனுப்பு" என்று போன் எடுப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

ஒரு பிரிட்ஜின் கதை

2006 ஆம் ஆண்டு. நான் இந்த வேலைக்குச் சேர்ந்த புதிது. கீழ் டிவிஷனில் ஒரு தங்கச்சி சவூதியில் இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு வந்தார். வரும்போது கார்கோவில் ஒரு பிரிட்ஜ் அனுப்பியிருந்தார். அது பெருமைக்கு வாங்கியது அல்ல. ஐஸ் பெக்கட்டும் யோகட்டும் செய்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்றால், மறுபடி பிள்ளைகளை விட்டுப் போகத் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு.

பெட்டி வந்த அன்று லயமே கூடிவிட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். பிளக்கைப் பார்த்தால் தட்டையான இரண்டு கால். நமது சொக்கெட்டில் போகாது. புருஷன்காரர் டவுனுக்கு ஓடிப் போய் ஒரு அடெப்டர் வாங்கி வந்தார். "என்னங்க ஐயா, போடலாமா?" என்று கேட்டார். நானும், "போட்டுப் பாருங்க அண்ணே" என்றேன்.

போட்டார். உள்ளே லைட் பளிச்சென்று எரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பின்பக்கம் ஒரு முனகல் சத்தம் கேட்டது, பிறகு கருகல் வாடை. அவ்வளவுதான்.

பின்பக்கம் ஒட்டியிருந்த லேபலை அதற்குப் பிறகுதான் படித்தோம். 127 வோல்ட் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். வாரண்டி அட்டையைத் தேடி எடுத்தோம். அதில் கடை முத்திரையும் இல்லை, திகதியும் இல்லை. கண்டியில் அந்தக் கம்பனிப் பொருள் விற்கும் இடத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். "இது நாங்கள் கொண்டு வந்த பொருள் இல்லை, நாங்கள் பொறுப்பு இல்லை" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை.

நாலு மாதத்தில் அந்தத் தங்கச்சி மறுபடியும் சவூதிக்குப் போனார். கடைசிப் பிள்ளைக்கு அப்போது நாலு வயது. "போட்டுப் பாருங்க" என்று நான் சொன்னது இன்றைக்கும் என் மனதில் கிடக்கிறது. அந்த லேபலைப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது. இனி ஒரு வீட்டிலும் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. விலையை நாளால் அளவுங்கள்

வெளிநாட்டுக் கடையில் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, விலையை ரூபாயாக மாற்றிப் பார்ப்பது. "இங்கே இவ்வளவு, ஹட்டனில் இவ்வளவு, ஆகவே லாபம்" என்று உடனே வாங்கிவிடுவார்கள். ரூபாயின் மதிப்பு ஏறும், இறங்கும். ஆனால் நீங்கள் எத்தனை நாள் உழைத்தீர்கள் என்பது மாறாது. ஆகவே விலையை உங்கள் ஒரு நாள் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள்.

ஒருவருக்குக் குவைத்தில் மாதம் 90 தினார் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 3 தினார். கடையில் ஒரு போன் 59.900 தினார். அது 59 ஆயிரமும் இல்லை, 59 ரூபாயும் இல்லை. குவைத்தில் ஒரு தினாருக்கு 1000 பில்ஸ். ஆகவே புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் போடுவார்கள். 59.900 என்றால் 60 தினாருக்கு 100 பில்ஸ்தான் குறைவு. அதாவது அந்தப் போனின் விலை 20 நாள் உழைப்பு. 20 நாள் விடியற்காலை எழும்பி அந்த வீட்டைக் கூட்டித் துடைத்ததற்கு இந்தப் போன் சமமா? சமம் என்றால் வாங்குங்கள். யோசனையாக இருந்தால் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

பஹ்ரைன் தினாருக்கும் 1000 பில்ஸ், ஓமான் ரியாலுக்கு 1000 பைசா. அங்கேயும் மூன்று இலக்கம்தான். சவூதி ரியாலுக்கு 100 ஹலாலா, டுபாய் திர்ஹாமுக்கு 100 பில்ஸ். அங்கே இரண்டு இலக்கம்.

அடுத்தது வரி. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2018 ஜனவரி முதல் 5 வீத வற் வரி உண்டு. சவூதியும் அதே மாதம் 5 வீதத்தில் தொடங்கியது. 2020 ஜூலையில் அது 15 வீதமானது. பஹ்ரைனில் 2022 முதல் 10 வீதம். ஓமானில் 2021 ஏப்ரல் முதல் 5 வீதம். சவூதியிலும் டுபாயிலும் கடையில் ஒட்டியிருக்கும் விலைக்குள்ளேயே இந்த வரி அடங்கியிருக்க வேண்டும். காசு கட்டும் இடத்தில் "இதற்கு மேல் வரி" என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

டுபாயில் ஏர்போட்டில் வரியைத் திருப்பித் தருகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது சுற்றுலா வந்தவர்களுக்கு. வதிவிட விசாவில் வேலை செய்பவர்களுக்குக் கிடையாது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

பெரிய கடைகளில் ஒட்டிய விலைதான் விலை. சூக் என்னும் சந்தைக் கடைகளில் பேரம் பேசலாம், வெட்கப்பட வேண்டாம். முதலில் இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

தவணைக்கு எடுப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தவணை முடியாமல் ஊருக்குப் புறப்பட்டால், கடன் நிலுவை என்று வழக்குப் போட்டுப் பயணத் தடை வாங்க அந்த நாடுகளில் முடியும். முடிந்தவரை கையில் காசு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

2. லேபலைப் படியுங்கள்

மின்சாரப் பொருள் எதுவானாலும் பின்பக்கமோ அடியிலோ ஒரு லேபல் இருக்கும். அதில் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று வோல்ட், மற்றது ஹேர்ட்ஸ். இலங்கைக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 220 முதல் 240 வரை என்று போட்டிருந்தாலும் சரி.

குவைத், கட்டார், டுபாய், ஓமான் நாடுகளின் மின்சாரம் நம் நாட்டு மின்சாரத்தோடு ஒத்துப் போகும். சவூதியில்தான் சிக்கல். அங்கே நீண்ட காலம் வீடுகளில் 127 வோல்ட்டும் இருந்தது, 220 வோல்ட்டும் இருந்தது. 230 வோல்ட்டுக்கு மாற 2010 இல் முடிவெடுத்துப் படிப்படியாக மாற்றுகிறார்கள். ஆனால் அங்கே இன்றும் 60 ஹேர்ட்ஸ்தான். பிரிட்ஜ், மின்விசிறி, துணி துவைக்கும் மெஷின் போன்ற மோட்டார் உள்ள பொருட்கள் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்டிருந்தால், இங்கே மெதுவாகச் சுற்றும், சூடேறும், சீக்கிரம் பழுதாகும். லேபலில் 50/60 என்று இரண்டும் இருந்தால் பயமில்லை.

போன் சார்ஜர், லெப்டொப் சார்ஜர் போன்றவற்றில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். அப்படி இருந்தால் எந்த நாட்டிலும் வேலை செய்யும்.

அடெப்டர் பற்றி ஒரு வார்த்தை. அடெப்டர் மாற்றுவது பிளக்கின் காலை மட்டும்தான். மின்சாரத்தை அது குறைப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. "கால் பொருந்திவிட்டது, ஆகவே போடலாம்" என்பது நாங்கள் 2006 இல் செய்த பிழை.

3. பில் இல்லாமல் பொருள் இல்லை

பில்லுக்கு அரபியில் "பாத்தூரா" என்பார்கள். வாரண்டிக்கு "தமான்". இந்த இரண்டு வார்த்தையையும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். காசு கொடுத்தவுடன் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பில்லில் இருக்க வேண்டியவை: கடையின் பெயர், திகதி, பொருளின் பெயரும் மொடல் எண்ணும், கொடுத்த தொகை. போன் என்றால் அதன் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணும் இருப்பது நல்லது. போனில் *#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். பில்லில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டு வேலைக்குப் போனவர்கள் பலருக்குத் தாங்களே கடைக்குப் போக முடிவதில்லை. மேடமோ டிரைவரோ வாங்கி வந்து சம்பளத்தில் கழிப்பார்கள். அப்போதும் பில்லைக் கேட்கலாம். "மேடம், ஊருக்குப் போகும்போது ஏர்போட்டில் காட்ட வேண்டும், பாத்தூரா தாங்க" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். பில்லில் உள்ள தொகையும் சம்பளத்தில் கழித்த தொகையும் ஒன்றா என்றும் அப்போது தெரிந்துவிடும்.

கடைப் பில்கள் பல, சூடு பட்டால் எழுத்து வரும் தாளில் அடித்தவை. ஆறு மாதத்தில் வெள்ளைத் தாள் ஆகிவிடும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.

4. வாரண்டி அட்டை என்ன சொல்கிறது?

வாரண்டி என்பது "இத்தனை காலத்துக்குள் பொருள் தானாகப் பழுதானால் திருத்திக் கொடுப்போம்" என்ற வாக்கு. அந்த வாக்கு யாருடையது, எந்த நாட்டில் செல்லும், எந்த நாளில் தொடங்கும் என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதலாவது, யாருடைய வாக்கு? சில பொருளுக்கு அதைச் செய்த கம்பனியே வாரண்டி தரும். சிலதற்கு அந்த நாட்டு முகவர் தருவார். சிலதற்குக் கடைக்காரர் மட்டுமே தருவார். கடைக்காரர் வாரண்டி என்றால் அந்தக் கடைக்கே திரும்பிப் போக வேண்டும். ஹட்டனில் இருந்து குவைத் கடைக்கு யார் போவது?

இரண்டாவது, எந்த நாட்டில் செல்லும்? "இன்டர்நேஷனல்" என்று தெளிவாக எழுதி, இலங்கையும் அதில் சேர்ந்திருந்தால் மட்டும் இங்கே செல்லும். "ஜி.சி.சி." என்று போட்டிருந்தால் குவைத், சவூதி, பஹ்ரைன், கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம், ஓமான் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளுக்கான வாரண்டி. கட்டுநாயக்காவில் இறங்கியதும் அது வெறும் அட்டை. பெயர் பெற்ற கம்பனி, இங்கேயும் அதே பெயரில் கடை இருக்கிறது என்பதற்காக இங்கே உள்ளவர்கள் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மூன்றாவது, எந்த நாளில் தொடங்கும்? இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதுவும் தாங்களாகவே. பொதுவாக வாரண்டி வாங்கிய திகதியில் இருந்து ஓடத் தொடங்கும். பெட்டியைப் பிரித்த திகதியில் இருந்து அல்ல. போன முதல் வருஷமே பொருளை வாங்கி, "புதுசாகவே வீட்டுக்குக் கொண்டு போவோம்" என்று கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து லயத்தில் பெட்டியைப் பிரிக்கும்போது, ஒரு வருஷ வாரண்டி பெட்டிக்குள்ளேயே முடிந்துபோய் இருக்கும்.

ஆகவே வாங்குவதானால் ஊருக்கு வருவதற்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு முன் வாங்குங்கள். கடையிலேயே பிரித்து ஓட வைத்துப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டு போய் நாலு நாள் பாவியுங்கள். பழுது இருந்தால் அங்கே இருக்கும்போதே வெளிவரட்டும். குவைத்தில் 2014 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கப் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக 14 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ உரிமை உண்டு. பொருள் வாங்கியபடியே இருக்க வேண்டும், பில்லும் வேண்டும். சில வகைப் பொருட்களுக்கு இது பொருந்தாது. கடைக்காரர் மறுத்தால் முறையிட இலக்கங்கள் உண்டு: குவைத் வர்த்தக அமைச்சு 135, சவூதி வர்த்தக அமைச்சு 1900, கட்டார் வர்த்தக அமைச்சு 16001.

வாரண்டி இருந்தாலும் தண்ணீர் பட்டது, கீழே விழுந்தது, இடி மின்னலில் கருகியது, வெளியாள் கழற்றியது போன்றவற்றுக்குப் பொதுவாகத் திருத்திக் கொடுக்க மாட்டார்கள். நம் மலைப் பக்கத்தில் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் இடி அதிகம். பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

5. தங்கம் வாங்குகிறவர்களுக்கு

தங்கத்துக்கு வாரண்டி அதன் மேல் குத்தியுள்ள எண். 999 என்றால் 24 கரட், 916 என்றால் 22 கரட், 875 என்றால் 21 கரட், 750 என்றால் 18 கரட். வளைகுடா நாடுகளில் 21 கரட் நகையும் அதிகம் விற்கும். நம் பெண்கள் அதை 22 என்று எண்ணி வாங்கி விடுவார்கள். குத்தியுள்ள எண்ணைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள்.

விலை இரண்டு பாகம். தங்கத்தின் எடைக்கு ஒரு விலை, அது அன்றைய சந்தை விலை. செய்கூலி வேறு, அதில் பேரம் பேசலாம். ஒரு கிராம் 30 தினார் என்று வைத்தால் ஒரு பவுண், அதாவது 8 கிராம், 240 தினார். செய்கூலி கிராமுக்கு 2 தினார் என்றால் 16. மொத்தம் 256. நாளைக்கு இங்கே அடகு வைக்கப் போனால் அந்த 16 தினாரை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆகவே வேலைப்பாடு குறைந்த நகையே சேமிப்புக்கு நல்லது. கல் பதித்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்தின் எடையைத் தனியாகப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

6. வீட்டில் உள்ளவர்களுக்கு

இப்போது புருஷன்மாருக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் சில வார்த்தை. ஒரு பொருளின் விலை கடையோடு முடிவதில்லை. கார்கோ கூலி, சுங்க வரி, கொழும்பில் இருந்து தோட்டத்துக்கு வேன் கூலி எல்லாம் அதோடு சேரும். வழியில் கண்ணாடி உடைந்தால் அதுவும் சேரும். சுங்கச் சலுகை எவ்வளவு என்பது காலத்துக்குக் காலம் மாறும். அனுப்புவதற்கு முன் சுங்கத்திலோ வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. போன், உடுப்பு, கம்பளி, சிறு நகை போன்ற கையில் கொண்டுவரக் கூடியவை என்றால் அங்கே வாங்கலாம். பிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின், பெரிய டி.வி. என்றால் காசை வங்கியில் போடச் சொல்லுங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வாங்கினால் விலை கொஞ்சம் கூடலாம். ஆனால் பழுதானால் பஸ் ஏறிப் போய்க் கேட்க ஒரு கடை இருக்கும். அவர்கள் கேட்கவில்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கட்டுநாயக்கா வருகைப் பகுதியில் உள்ள தீர்வையற்ற கடைகளிலும் மின்சாரப் பொருட்கள் விற்கிறார்கள். அங்கே இலங்கை வாரண்டி உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

இன்னொன்று. போன் எடுக்கும்போதெல்லாம் பொருளின் பெயரையே சொல்லாதீர்கள். அங்கே இருப்பவர் மறுக்க முடியாமல் கடன் பட்டாவது வாங்குவார். சாப்பிட்டாயா, உடம்புக்கு எப்படி என்று முதலில் கேளுங்கள்.

பயிற்சி

பெரிய வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு இந்தக் கணக்கைச் செய்து காட்டட்டும்.

கேள்வி 1: சவூதியில் ஒருவருக்கு மாதச் சம்பளம் 1200 ரியால். ஒரு டி.வி. 1000 ரியால். கார்கோவுக்கு 300 ரியால். டி.வி. வீட்டுக்கு வர எத்தனை நாள் உழைப்பு?

கேள்வி 2: 2024 மார்ச்சில் வாங்கிய போனுக்கு ஒரு வருஷ வாரண்டி. 2025 ஜூனில் வீட்டில் பெட்டியைப் பிரித்தார்கள். வாரண்டி உண்டா?

கேள்வி 3: லேபலில் 220 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று உள்ள மின்விசிறியை இங்கே கொண்டு வரலாமா?

விடைகள்: (1) ஒரு நாள் சம்பளம் 40 ரியால். 1300 ஐ 40 ஆல் வகுத்தால் 32 நாளும் அரை நாளும். (2) இல்லை, 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. (3) வோல்ட் சரி, ஹேர்ட்ஸ் சரியில்லை. விட்டுவிடுவது நல்லது.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நமது பெண்கள் பிள்ளைகளை விட்டு, கடல் தாண்டிப் போய் உழைத்த காசு இது. அதைக் கொடுக்கும் முன் லேபல், பில், வாரண்டி அட்டை மூன்றையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். எழுத்து விளங்காவிட்டால் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் விளங்காவிட்டால் எனது அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இப்போது எனக்கு லேபல் பார்க்கத் தெரியும்.